எட்டுக் கம்பியில் நாலு

அத்தியாயம் 17

அறிவழகனை உங்களுக்குத் தெரியும். அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் செக்‌ஷனில் முப்பத்து நாலு வருடம் ஒயரோடும் மீட்டரோடும் வாழ்ந்தவர். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் தன் கைவேலையில் ஒரு குறை இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால், அன்றைக்கு அவருக்கு எதிரே நிற்பவன் சொந்தமா அந்நியமா என்பதே தெரியாமல் போய்விடும்.

போன வாரம் அதைச் சொல்லித் தொலைத்தவன் அவருடைய மனைவி செங்கமலத்தின் தம்பி மணிமாறன். மகள் இளவேனில் பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதற்காக, ஃபைபர் நெட்டின் வேகத்தை ஐந்நூறுக்கு உயர்த்தியிருந்தார்கள். அவள் அறையில் ஒயர் வழியாக வந்ததோ தொண்ணூற்று நாலு. அந்தப் பிளாக்குகளுக்கு லைன் பார்க்கும் கான்ட்ராக்ட் டெக்னீஷியன் மணிமாறன்தான். மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, லைனில் குறையில்லை, சுவருக்குள் போகிற கேபிளை ஒரு தரம் திறந்து பார்த்துவிடலாமா என்று மாமாவிடம் மெல்லக் கேட்டான்.

சுவருக்குள் அந்தக் கேபிளைப் போட்டவர் அறிவழகன். அன்றே நெட் கம்பெனியின் ஆப்பைத் திறந்தார், ஒரே ஒரு ஸ்டார் போட்டார், மூன்று வரி எழுதி அனுப்பினார். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அது நடந்து இன்றோடு ஒன்பது நாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. அந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் நிதானமாக இட்லிக்கு உட்கார்ந்திருந்தார். சமையலறையில் செங்கமலத்தின் போன் அடித்தது. மறுமுனையில் பாப்பா, மணிமாறனின் மனைவி. இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுந்தது. "எப்ப?" என்றாள் செங்கமலம்.  அப்புறம், "அழுவாத பாப்பா, நான் வரேன்" என்றாள்.

வெளியே வந்தவள் முகம் வெளிறிப்போயிருந்தது. மணிமாறனின் அடையாள அட்டையையும் ஒயர் ஒட்டுகிற மெஷினையும் திங்கட்கிழமையே ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அவன் வீட்டில் சொல்லவில்லை. நாலு நாளாகத் தினமும் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போய், வடலூர் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறான். நேற்றுத்தான் யாரோ பார்த்துப் பாப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"எவனோ ஒருத்தன் கம்ப்ளெயின்ட் எழுதிட்டானாம். எந்தம்பிக்கு வேலை தெரியலையாம், மரியாத தெரியலையாம். எழுதுன கையி வெளங்குமாங்க அவனுக்கு?"

அந்தக் கை அப்போது இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டுக்கொண்டிருந்தது. அறிவழகன் அதை வாய்க்குக் கொண்டு போனார். கொண்டு போகாமல் நிறுத்தினால் அவள் கவனித்துவிடுவாளோ என்று பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்கு நெஞ்சு மட்டுமா, காது மடல்வரை குறுகுறுத்தது.

செங்கமலம் அவர் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். பிறகு கேட்டாள், அவருக்குத் தெரிந்தவர்கள் யாரையாவது பிடித்து அந்த ஆபீசில் ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று. டவுன்ஷிப்பில் அவர் பேச்சுக்கு மரியாதை இருக்கிறதே என்று.

"பாக்கறேன்" என்றார் அவர். முப்பது வருடக் குடித்தனத்தில் இதைவிடக் கேவலமாக ஒரு வார்த்தையை அவர் அவளிடம் சொன்னதில்லை.

மணிமாறன் அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் இவள்தான். நிலக்கரி மைன்ஸில் பதினோரு வருடம் கான்ட்ராக்டில் இருந்தான். பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்று காத்திருந்து, கடைசியில் அந்தக் கான்ட்ராக்டே முடிந்துபோனது. நாற்பது வயதில் கடலூருக்குப் போய், தன்னில் பாதி வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, முடி போன்ற கண்ணாடி இழையை ஒட்டக் கற்றுக்கொண்டான். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு முதல் நாள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது, செங்கமலம் அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

ஒன்பது மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். தூக்குவாளியில் குழம்பு, பையில் ஒரு மாற்றுப் புடவை. பஸ் ஸ்டாண்டில் விடட்டுமா என்று அறிவழகன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். வேண்டாம், நீங்கள் பெண்ணின் நெட்டைப் பாருங்கள், அதற்கு இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி நாள்தான். இளவேனில் வேலை பார்ப்பது மருத்துவமனை ஸ்கேன் படங்களைச் சரிபார்க்கிற கம்பெனியில். வீட்டிலிருந்து பார்க்கலாம், ஆனால் மூடிய அறை வேண்டும், வைஃபை கூடாது, ஒயர் வழியே குறைந்தது முந்நூறு வேகம் வர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் இணைந்து வேகத்தை அளந்து பார்ப்பார். தேறாவிட்டால் திங்கட்கிழமை அவள் பெங்களூர் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும்.

அறிவழகன் காலையிலேயே மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தார். ஒயரை ஓட்டை மாற்றி ஓட்டையாகச் செருகினார். நேற்று மெயின் பஜாரில் வாங்கிய புது ஒயரைப் போட்டுப் பார்த்தார். தொண்ணூற்று நாலு. மறுபடி தொண்ணூற்று நாலு. அந்த எண் அசையவே இல்லை.

அது அசையாமல் நிற்பதே அவருக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். பழுதான லைன் ஏறும், இறங்கும், தடுமாறும். ஒரே எண்ணில் பிடித்துவைத்தது போல நின்றால், வழியில் எங்கேயோ கதவு பாதி சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொந்த வீட்டில் மட்டும் அந்தப் புத்தி வேலைக்கு வரவில்லை.

இளவேனில் பேசாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். மோடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஒரு முழ ஒயரால் நேரே மோடத்தில் செருகினாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

மணிமாறன் போன வாரம் இதையேதான் தன் லேப்டாப்பில் காட்டினான். அது கம்பெனிக்காரன் லேப்டாப், அவன் சொன்னபடி ஆடும் என்று அன்றைக்குச் சிரித்தவர் அறிவழகன். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அறைக்குத் திரும்பிப்போய்ச் செருகினாள். தொண்ணூற்று நாலு.

"நடுவுல என்னப்பா இருக்கு?"

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போனார்.

அறைச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாம் ஒழுங்காக, அழகாக இருந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு கம்பியிலும் அவர் கையால் எழுதிய சின்னச் சின்ன அடையாள வளையங்கள். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் நெட்டுக்குப் போயிருந்தன. நீலமும் பழுப்பும் தனியே பிரிந்து, பக்கத்துத் துளை வழியாகச் சமையலறைக்குப் போயிருந்தன.

லாக்டவுன் காலத்தில் போட்டது. பிளான்ட்டில் எந்தக் கேபிளை இழுத்தாலும் சில கம்பிகள் உபரியாக விடுவார்கள். ஸ்பேர் கோர் என்று பெயர். அவசரத்துக்கு அதில் ஒன்றை எடுத்து இன்னொரு வேலைக்குக் கொடுப்பவன்தான் கெட்டிக்கார மெக்கானிக். எட்டுக் கம்பியில் நெட்டுக்கு நாலு போதும் என்று தெரிந்ததும், மிச்சம் நாலைச் சும்மா விட அவருக்கு மனசு வரவில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடும்போது செங்கமலத்துக்கு வாசல் மணி கேட்பதில்லை. அதனால் இரண்டு கம்பியில் உள்ளே ஒரு மணி, இரண்டு கம்பியில் மணி அடித்தால் எரிகிற ஒரு குட்டிப் பல்பு. பிளாக்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. செங்கமலம் வருகிறவர்களிடமெல்லாம் பல்பை எரியவிட்டுக் காட்டினாள்.

அப்போது வீட்டுக்கு வந்த நெட்டே நாற்பது வேகம்தான். நாலு கம்பி தாராளமாகப் போதும். நூறைத் தாண்ட வேண்டும் என்றால் எட்டும் சேர்ந்தாக வேண்டும். இதையும் மணிமாறன் சொன்னான். 'எட்டும் சேந்துருக்கணும்ங்க மாமா, ஒண்ணு விட்டுப் போனாலும் நூறோட நின்னுடும்' என்று. என் ஒயரிங்கில் விட்டுப் போவதா என்று அவர் மேற்கொண்டு கேட்கவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணலாகக் கூடத்தைக் கட்டியவரே ஆட வந்தவனைத் துரத்தியிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் இளவேனில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பாமலே சொன்னார், அரை மணி நேரம் கொடு, முடித்துவிடுகிறேன் என்று. 

மணிக்குப் போன கம்பிகளைப் பிடுங்கினார். பல்புக்குப் போனதையும் பிடுங்கினார். ஹால் முனையையும் அறை முனையையும் வெட்டி, எட்டுக் கம்பியையும் வரிசைப்படுத்தி அழுத்தினார். கை தன் வேலையை மறக்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. முடிய இவ்வளவுதான் நேரம் ஆகும் என்றால், ஒன்பது நாளுக்கு முன்னால் மணிமாறனுக்கு அந்த இருபத்தைந்து நிமிடத்தை ஏன் கொடுக்கவில்லை? இந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த ஒரே பதிலைச் சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்தது.

பதினோரு மணிக்குப் பெங்களூர்க்காரர் வந்தார், அளந்தார், நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று குறித்துக்கொண்டார், வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். இளவேனில் இனி வீட்டிலேயே இருக்கலாம். மூன்று வாரமாக அறிவழகன் ஏங்கிக்கொண்டிருந்த செய்தி இதுதான். வந்தபோது அதைக் கொண்டாட அவர் முகத்தில் தெம்பு இல்லை.

"அப்ப மணி மாமா சொன்னது சரிதானேப்பா" என்றாள் இளவேனில். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பழுது தீர்ந்துவிட்டதே, ஆப்பில் பழைய புகார் திறந்து கிடந்தால் முடித்துவிடலாம் என்று அவர் போனை எடுத்தாள். அவர் கை நீட்டுவதற்குள் திறந்தும்விட்டாள்.

அவள் படிக்கப் படிக்க அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வரியும் அவருக்கு மனப்பாடம். டெக்னீஷியனுக்கு வேலை தெரியவில்லை. பெரியவர்களிடம் பேசத் தெரியவில்லை. இவரை எங்கள் பிளாக்குக்கு இனி அனுப்ப வேண்டாம். அதற்குக் கீழே கம்பெனியின் பதிலும் இருந்தது, உங்கள் புகாரின் பேரில் நடவடிக்கை எடுக்கப்பட்டது, நன்றி என்று.

இளவேனில் போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து அவள் அப்பாவிடம் எதிர்த்துப் பேசியவள் அல்ல. இப்போதும் எதிர்த்துப் பேசவில்லை.

"நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா. இன்னைக்கே. நான் சொல்ற மாதிரி வெச்சுடாதீங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூடிய அறை வேண்டும் என்று கம்பெனி கேட்டதற்காகச் சாத்தினாள் என்று நினைத்துக்கொள்ள அவர் முயன்றார். முடியவில்லை.

ஷிப்ட் இன்சார்ஜுக்குப் போன் போட்டு லீவு சொன்னார். முப்பத்து நாலு வருடத்தில் உடம்பு சரியில்லாமல்கூட ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் லீவு சொன்னவரில்லை. என்ன சார் ஆச்சு என்று இன்சார்ஜ் பதறினார். ஒன்றுமில்லை, சொந்த வேலை என்றார்.

கான்ட்ராக்டரின் ஆபீஸ் பஜாரில் ஒரு மாடியில் இருந்தது. சூப்பர்வைசர் விஜயராஜ் அவர் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். புகார் வந்த அடுத்த நாளே மேலே அனுப்பிவிட்டதாகவும், ஆளை நிறுத்திவிட்டதாகவும், இன்றுமுதல் அந்தப் பிளாக்குகளுக்கு வேறு ஆள் வருவதாகவும் வரிசையாகச் சொன்னார். ஏதோ நல்ல சேதி சொல்வது போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

அறிவழகன் உட்காரவில்லை. குறை லைனில் இல்லை, என் வீட்டு ஒயரிங்கில், நானே போட்டதில் என்றார். கண்டுபிடித்து இன்றைக்குச் சரிசெய்துவிட்டேன் என்றும் சொன்னார். விஜயராஜின் முகம் மாறியது. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மணிமாறன் கொடுத்திருந்த விளக்கம் அது. பழுதுக்குக் காரணம் என்ன என்று கேட்டு நாலு கட்டங்கள். வாடிக்கையாளர் வீட்டு ஒயரிங் என்ற கட்டம் காலியாக இருந்தது. காரணம் தெரியவில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. கீழே மணிமாறனின் கோணல்மாணலான கையெழுத்து.

"இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டிருந்தா அவர் மேல நடவடிக்கையே வந்திருக்காது சார். நானே சொன்னேன். அந்த வூட்டு ஒயரிங்கக் குறை சொல்லி நான் எழுத மாட்டேன்னுட்டாரு."

"கம்ப்ளெயின்ட் யாரு குடுத்ததுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"உங்க பேரு போட்ட தாளைக் காட்டித்தானே சார் விளக்கம் கேட்டோம்." விஜயராஜ் சற்றுத் தயங்கினார். "உங்களுக்கு வேண்டியவரா சார்?"

"எம் மச்சான்" என்றார் அறிவழகன்.

விஜயராஜ் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். இவருக்காக அந்த மனிதர் வெட்கப்படுவது தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அறிவழகன் நினைத்தார்.

ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினார். சர்வீஸில் ஆயிரம் பழுது அறிக்கை எழுதிய கை. பழுது கண்ட இடம், பழுதின் தன்மை, சரிசெய்த விதம் எல்லாம் மளமளவென்று வந்தன. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, 'வீட்டுக்காரராகிய நான் செய்த தவறான இணைப்பு. டெக்னீஷியன் இதை முதலிலேயே சரியாகச் சொன்னார். நான்தான் திறந்து பார்க்க விடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதை உடனே மேலே அனுப்புகிறேன் என்றார் விஜயராஜ். ஆனால் மணிமாறனும் தன் பழைய விளக்கத்தை மாற்றி, புது மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், ஐந்து மணிக்குள் அதைப் படம் எடுத்து அனுப்பினால் நல்லது என்றார். ஏரியாவை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது, திரும்பக் கிடைக்குமா என்பது திங்கட்கிழமைதான் தெரியும், வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

விஜயராஜ் கொடுத்த புது மஞ்சள் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி, வடலூர் வழியாக அறிவழகன் ஸ்கூட்டரை ஓட்டினார். வடலூர் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது தலையைத் திருப்பவே கூடாது என்று நினைத்தார். திரும்பியது. சிமெண்ட் பெஞ்சுகளில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

குறிஞ்சிப்பாடிக்கு இரண்டு மைல் முன்னால் மணிமாறனின் ஊர். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாப்பா வாசலுக்கு ஓடிவந்தாள். அழுது வீங்கிய முகத்தில் அவசரமாக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, வாங்கண்ணா என்று கூப்பிட்டு, இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மணிமாறன் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தான். மோர் வந்தது. மின்விசிறி அவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது. வீட்டு மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

செங்கமலத்தின் முகம்தான் அவரை அறுத்தது. காலையிலிருந்து முதல்முறையாக அந்த முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"பாத்தியாடா மணி, ஷிப்ட்டையே வுட்டுட்டு ஓடியாந்துருக்காங்க. நாந்தான் சொல்லிக்கினே இருந்தன்ல, மாமா பாத்துக்குவாங்கன்னு."

மணிமாறன் அக்காவைப் பார்க்கவில்லை. மாமாவின் சட்டைப்பையில் தெரிந்த மஞ்சள் ஓரத்தைப் பார்த்தான். அந்தத் தாளை அவனுக்குத் தெரியாதா? போர் மோட்டார் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, வந்து கொஞ்சம் பாருங்கள் மாமா என்று எழுந்தான். மோட்டாருக்கு ஒன்றுமில்லை என்பது இருவருக்கும் தெரிந்தே கொல்லைப்பக்கம் போனார்கள்.

அறிவழகன் தாளை நீட்டினார். என்ன சொல்லி நீட்டுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. எட்டில் நாலுதான் போட்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார். மணிமாறன் தலையாட்டினான். தெரியும் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தாளை மோட்டார் மேடையில் வைத்து, முன்பு காலியாக விட்ட கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டான். அவர் போனில் படம் எடுத்து விஜயராஜுக்கு அனுப்பினார். மணி நாலு பத்து.

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாங்க மாமா" என்றான் மணிமாறன், குரலைத் தாழ்த்தி. "ஆபீஸ்ல ஏதோ தப்பா எழுதிட்டாங்க, இப்ப சரியாயிடுச்சின்னு நானே சொல்லிக்கறன். அதுக்குத் தாங்காது."

தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்து கிடந்தது. தலையைக் கொஞ்சம் குனிந்தால் உள்ளே போய்விடலாம். மனைவிக்கு அவர் பகல் முழுக்க ஓடித் திரிந்து தம்பியைக் காப்பாற்றிய உத்தமர். மகளிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு பொய். யாருக்கும் நஷ்டமில்லை. மச்சானே எடுத்துக் கொடுக்கிற வழி இது. அறிவழகன் அந்த வழியைப் பற்றி ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உள்ளே வந்தபோது செங்கமலம் அவருக்குப் போட நாலு வெங்காய பஜ்ஜியைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை தெரியும் என்றார்.

"எழுதுனவன் யாருன்னு தெரிஞ்சுதாங்க?"

அவளுக்குப் பின்னால் மணிமாறன் நின்றிருந்தான். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தான். அந்தத் தலையசைப்பைப் பார்த்த பிறகு அறிவழகனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

"நான்தான் செங்கமலம்" என்றார். "நான்தான் எழுதினேன்."

அவளுக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டாள். அவர் சொன்னார். கேபிளைத் திறக்கலாமா என்று அவன் கேட்டது, தனக்குப் பொறுக்காமல் போனது, மூன்று வரி, காலையில் அவள் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டது எல்லாவற்றையும் சொன்னார். குறை தன்னுடையது என்றும் சொன்னார். பாப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிமாறனின் பிள்ளைகள் யாரும் வீட்டில் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

செங்கமலம் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைக் கண்டதும், அவனுக்கு இது முன்பே தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மறுபடி கணவரைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார். கத்துவாள் என்றும் நினைத்தார், கத்தினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

"எந்தக் கெழமைங்க?"

"போன வாரம் புதன்கிழமை."

"அன்னைக்கு இவன் நம்ம வூட்டுலதான சாப்ட்டான். முள்ளங்கி சாம்பாரு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்திங்க, நான்தான் போட்டன்." அவள் குரல் உயரவே இல்லை. "அவன் சாப்படறத்துக்கு மின்னாடி எழுதினீங்களா, சாப்ட்டப்பறமா?"

முப்பது வருடத்தில் அவள் அவரிடம் கேட்ட கேள்விகளில் இதற்குப் பதில் சொல்வதுதான் அவருக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

"அவன் சாப்ட்டு கை கழுவப் போனப்ப" என்றார்.

செங்கமலம் கையிலிருந்த பஜ்ஜித் தட்டை மேஜைமேல் வைத்தாள். அவருக்கு முன்னால் வைக்கவில்லை, தள்ளி வைத்தாள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள், பெண் அங்கே தனியாக இருக்கும் என்றாள். நீ வரவில்லையா என்று கேட்க அவர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். அரிசிப் பானையின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"பாப்பா, ராத்திரிக்கு எத்தினி படி போடட்டும்? நானும் இருக்கன், இன்னும் நாலு நாளைக்கு."

பாப்பா அறிவழகனைப் பார்த்தாள். மணிமாறனும் பார்த்தான். செங்கமலம் திரும்பவில்லை.